மரம் களிமண் இல்லை
மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் கடைசல்காரரும் வேதாகமத்தில் எரேமியா 18இல் வரும் குயவனைப் போலத்தான், கெட்டுப்போனதைத் திரும்ப வனையலாம் என்று நான் வாசித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது, எனக்கு அது சரியாகப் படவில்லை. களிமண்ணைப் பிசைந்து மறுபடி சக்கரத்தில் வைக்கலாம், மரத்தில் சீவிப்போனது போனதுதான். இலங்கையின் வன்னியில் உள்ள மாங்குளத்தில் கடைசல் வேலை செய்யும் என் மாமா ஒருமுறை முதிரை என்ற வைர மரக் கட்டையைக் கடையும்போது உளி டக்கென்று எதிலோ பட்டு வாய் மழுங்கிவிட்டது, பார்த்தால் உள்ளே போர்க்காலத்தில் வெடித்த செல் (எறிகணை) துண்டு (வன்னியில் மரம் அரிகிற ஆட்களுக்கு இது புதிதில்லை, இப்படி இரும்பில் பட்டு மரம் அரியும் வாள் பழுதாய்ப்போன கதை எல்லாரிடமும் இருக்கும்). இரும்பைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. மாமா துண்டை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு, வழக்கம்போல செபமாலையை முணுமுணுத்துக்கொண்டே, அந்தக் குழியும் கறுப்பும் தெரியத்தக்கதாகவே கோயிலுக்கு மெழுகுதிரித் தண்டாக்கிக் கொடுத்தார். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருக்கலாமே என்று பூசைக்கு வந்த சிலர் கேட்டார்கள்.