வேடந்தாங்கல் என்பது அந்த 74 ஏக்கர் ஏரி மட்டும் இல்லை

வேடந்தாங்கல் என்றதும் எல்லார் மனசிலும் வருவது ஒரு ஏரி, ஒரு கரை, ஒரு வாட்ச் டவர். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். ஆனால் 1998-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது ஏரியிலிருந்து எல்லாப் பக்கமும் 5 கிலோமீட்டர் வரையான வட்டம். கணக்குப் போட்டால் 78 சதுர கிலோமீட்டர் சொச்சம் வரும். ஏரி அதில் அரை சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் வயல், வரத்துக்கால் (ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்), சின்ன ஏரிகள், ஊர்கள். அந்த மீதி கெட்டுப்போனால் ஏரிக்கு எத்தனை வேலி போட்டாலும் பறவை தங்காது.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. நிலம் கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் (மிகுந்த தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகப் போகும். நடுவில் ஒரு வரத்துக்காலை மண் கொட்டி மனைப்பிரிவு போட்டுவிட்டால், மழை குறைவான வருஷத்தில் கீழ் ஏரி பாதிகூட நிறையாது. மழை கொட்டிய வருஷத்தில் அதே தண்ணீர் வழி தெரியாமல் ஊருக்குள் புகும்.

ஏரி நிறைவது பாசனத்துக்கு மட்டுமல்ல, கூட்டுக்கும் முக்கியம். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும் மாதக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் தாக்குப்பிடிக்கும் மரங்கள். சுற்றித் தண்ணீர் நின்றால் நரி, காட்டுப்பூனை, நாய் எதுவும் மரத்தை நெருங்காது. முட்டையிட்டுக் குஞ்சு பறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், கூழைக்கடாவுக்கு இன்னும் கூடுதல். தை மாதம் கூடு கட்டிய ஜோடிக்குப் பங்குனி வரைக்குமாவது மரத்தடியில் தண்ணீர் வேண்டும். அதற்கு முன்பே ஏரி வற்றினால் குஞ்சுகள் தப்பிப்பது கஷ்டம்.

"வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன" என்று ஒவ்வொரு சீசனிலும் செய்தி வருகிறது. கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். வடக்கே இருந்து வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகும், இங்கே கூடு கட்டாது. வாத்துகளைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் கரிக்கிலிக்குப் போகலாம். அங்கே மரம் குறைவு, திறந்த தண்ணீர் அதிகம்.

நத்தைகுத்தி நாரையின் அலகைக் கவனித்துப் பாருங்கள். மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாயை மூடியிருக்கும் தகட்டுக்குள் நுழைத்துச் சதையை அறுத்து இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். அந்த நத்தை இருப்பது நெல்வயலிலும் சின்னக் குளங்களிலும். காலையில் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவது அங்கேதான். வயலில் பூச்சிமருந்து அளவுக்கு மீறினால் நத்தையும் மீனும் தவளையும் போய்விடும். அப்புறம் கூட்டில் குஞ்சு பட்டினி.

விவசாயிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் மதகைத் திறக்கும்போது போய்ப் பார்க்கலாம். பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். அது ஏரித் தண்ணீரில் கரைந்து ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரிப் பாசன வயல்களுக்குப் பாய்கிறது. இந்தப் பக்கத்து விவசாயிகள் ஏரித் தண்ணீரையே உரமாகக் கருதுகிறார்கள். பறவையைச் சுடக்கூடாது என்று இவர்களுடைய முன்னோர் கிழக்கிந்தியக் கம்பெனியிடமே போய் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள், ஊரார் முறையிட்டார்கள், 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்துக் கவுல் (உறுதிப் பத்திரம்) எழுதித் தந்தார் என்பது வரலாறு. (மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான்.) 1858-ல் கவுலைப் புதுப்பித்து வாங்கினார்கள். இன்றைய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு 174 வருஷம் முன்பே ஒரு கிராமம் பறவைக்காகக் கையெழுத்து வாங்கியிருக்கிறது. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அந்த ஊர்க்காரர்களைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும்.

2020-ல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தது. "இரண்டு கிலோமீட்டர்தானே" என்று பலர் நினைத்தார்கள். 78 சதுர கிலோமீட்டர் 28 ஆகியிருக்கும். போவது 64 சதவீதம், அதாவது இரை தேடும் வயலும் வரத்துக்காலும். எதிர்ப்பு கிளம்பியது நியாயம்தான். இனி யார் இதைக் கொண்டுவந்தாலும் முதலில் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

தூர்வாருவதிலும் கவனம் வேண்டும். ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் கொக்கும் நாரையும் நடந்து மேய ஆழமில்லாத ஓரமே இருக்காது, மரத்தின் வேரும் அறுபடும். வண்டலை மரங்களிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். எடுத்த மண்ணில் ஒரு பகுதியை ஏரிக்குள்ளேயே மேடாகக் குவித்துக் கன்று நடலாம். எச்சம் படிந்து படிந்து பழைய மரங்கள் பட்டுப்போகும், மாற்று மரம் இப்போதே வளர்ந்தாக வேண்டும். மேடு தாழ்வாக இருந்தால் முதல் மழையிலேயே கன்று மூழ்கி அழுகிவிடும். கருவேல விதையின் தோல் கெட்டி. ஆடு நெற்றைத் தின்று போட்ட விதை நன்றாக முளைக்கும்.

சுற்றுவட்ட ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரத்துக்கால் எந்தச் சர்வே எண்ணில், எத்தனை அகலத்தில் போகிறது என்பது கிராம அ-பதிவேட்டிலும் (நிலப் பதிவேடு) புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) இருக்கும். நகல் வாங்கி, சித்திரை வைகாசியில் நேரில் நடந்து ஒத்துப் பாருங்கள். அடைப்பு இருந்தால் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அக்டோபர் 2 கூட்டம் வரை தள்ளிப்போட்டால் உத்தரவு வந்து ஜேசிபி வருவதற்குள் மழை ஆரம்பித்துவிடும்.