விசில் ஊதிய பிறகு எதற்குடா இந்த வேலை?

அமெரிக்கக் கால்பந்தில் என் அணி பந்தைத் தவறவிட்டால் எனக்குக் கோபம் வராது. எதிரணிக்காரன் நம் ஆளை ஏய்த்துவிட்டு ஓடினாலும் வராது. ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு, முன்பே அவசரப்பட்டு நகர்ந்து 5 யார்டு தண்டனையாகப் போனால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். ஆனால் நடுவர் விசில் ஊதி, ஆட்டம் நின்று, எல்லாரும் எழுந்து நடக்கிற நேரத்தில் நம் ஆள் ஒருவன் எதையாவது செய்து எதிரணிக்கு 15 யார்டைத் தூக்கிக் கொடுக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் ஃப்ளாரிடா கேட்டர்ஸ், அதாவது ஃப்ளாரிடா பல்கலைக்கழக அணியின் ரசிகன். 2025 செப்டம்பர் 6, கெயின்ஸ்வில், எங்கள் சொந்த மைதானம். தரவரிசையில் நாங்கள் 13ஆம் இடம். எதிரே சவுத் ஃப்ளாரிடா. 16-15 என்று முன்னிலையில் இருக்கிறோம். மூன்று நிமிடம்கூட மிச்சமில்லை, பந்து அவர்களிடம், அதுவும் அவர்களுடைய கோல் கோட்டுக்குப் பக்கத்தில். இந்த ஒரு முறை நிறுத்தினால் போதும். அந்த நேரம் பார்த்து எங்கள் டிஃபென்ஸ் ஆள் ஒருவர் எதிரே நின்றவர் மீது துப்புகிறார். ஆமாம், துப்புகிறார். 15 யார்டு போனது, ஆளையும் வெளியே அனுப்பினார்கள். கடைசி நொடியில் அவர்கள் 20 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்தார்கள், 18-16 என்று தோற்றோம். அன்றைக்கு எங்கள் பெனால்டிக் கணக்கு 11, மொத்தம் 103 யார்டு. மைதானத்தின் நீளமே 100 யார்டுதான்!

இது ஏதோ ஒருநாள் கூத்து என்றால் விட்டுவிடலாம். 2020 டிசம்பர் 12 நினைவிருக்கிறதா? அதே மைதானம், மேலே பனிமூட்டம், எல்எஸ்யூவுடன் (லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34-34 சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, அதுதான் டவுன்; முன்னேறிவிட்டால் மறுபடி முதல் டவுன். மூன்றாவது டவுனில் அவர்களுடைய கோல் டெய்லரை அந்தத் தூரத்துக்கு முன்பே மடக்கியாயிற்று. அவர்கள் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான், வேறு வழியே இல்லை. மடக்கிய எங்கள் மார்கோ வில்சன் கையில் டெய்லரின் ஷூ ஒன்று கழன்று வந்திருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு வர வேண்டியதுதானே? மைதானத்தின் குறுக்கே இருபது யார்டு தூரம் வீசினார். ஷூ காற்றில் பறந்தபோதே நடுவரின் பெனால்டிக் கொடி விழுந்துவிட்டது. 15 யார்டு, புதிய முதல் டவுன். பிறகு அவர்களுடைய கேட் யார்க் அந்தப் பனிமூட்டத்துக்குள்ளேயே 57 யார்டு ஃபீல்டு கோல் அடித்தார், 23 வினாடி மிச்சம். நாங்கள் பதிலுக்கு உதைத்த 51 யார்டு உள்ளே போகவில்லை. 37-34. ஆறாம் இடத்தில் இருந்த அணியின் பிளேஆஃப் (தேசியக் கோப்பைக்கான இறுதிச் சுற்று) கனவு ஒரு ஷூவோடு போனது. இன்றைக்கும் அந்தக் காட்சி ஓடினால் நான் டிவியை அணைத்துவிடுகிறேன்.

உடனே ஒரு கூட்டம் வந்து, “இருபது வயசுப் பசங்க, சூடான ரத்தம், அப்படித்தான் இருப்பாங்க” என்று ஆரம்பிக்கும். எதிரணியில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் அறுபது வயதா? துப்பப்பட்டவருக்கும் அதே வயதுதான், அவர்கள் பக்கம் கொடி விழவில்லையே. பசங்க மீது எனக்குள்ள கோபத்தைவிட கோச்சுகள் மீதுள்ள கோபம் பெரிது. அந்த ஷூவுக்கு ஆறு வாரம் முன்பு என்ன நடந்தது? அக்டோபர் 31, மிசூரி ஆட்டம், முதல் பாதி முடிகிற நேரம். பந்தை வீசும் எங்கள் குவாட்டர்பேக்கை அவர்கள் தாமதமாக வந்து இடித்தார்கள், கோபம் நியாயம்தான். ஆனால் தலைமை கோச் டான் மல்லன் தானே கத்திக்கொண்டு களத்துக்குள் ஓடினார், இரண்டு அணியும் கைகலந்தது. திரும்பி வரும்போது கையைத் தூக்கித் தூக்கிக் கூட்டத்தை வேறு உசுப்பிவிட்டார். ஹாலோவீன் என்று டார்த் வேடர் வேஷத்தில் செய்தியாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். எங்கள் லீக்கான எஸ்இசி 25,000 டாலர் அபராதம் போட்டது. தலைவனே இப்படி ஆடினால், கையில் ஷூ கிடைத்தவன் வீசாமல் என்ன செய்வான்?

பிறகு தலைமை கோச்சாக வந்த பில்லி நேப்பியர் கத்துகிற ஆள் இல்லை. சரி, இனி ஒழுங்கு வரும் என்று நம்பினோம். 2023இல் யூட்டா ஆட்டத்தில் பண்ட், அதாவது எதிரணி உதைத்துக் கொடுக்கும் பந்தை, வாங்கப் போன எங்கள் அணியில் 3 என்ற எண்ணோடு இரண்டு பேர் நின்றார்கள். அந்தப் பெனால்டியால் பந்து மறுபடி யூட்டாவிடமே போனது, டச் டவுனும் போட்டார்கள். யார் எந்த எண்ணோடு உள்ளே போகிறார்கள் என்று பார்க்கக்கூட சைடுலைனில் ஆள் இல்லையா? இத்தனை உதவிக் கோச்சுகள் எதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள்? 2025 அக்டோபரில் நேப்பியரையும் அனுப்பினார்கள்.

விதியும் பாதிக் கிணறுதான். தலையைக் குறிவைத்து இடித்தால் உடனே வெளியேற்றம், 2025 சீசனில் இரண்டாம் பாதியில் இடித்திருந்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் கிடையாது என்று இருந்தது. அது சரியான விதி. ஷூவை வீசினால் 15 யார்டோடு முடிந்தது. இரண்டாவது முறை செய்தால்தான் வெளியேற்றம். அதுவரை கோச் நினைத்தால்தான் உண்டு, கோச் நினைப்பதே இல்லை. நல்ல ஆட்டக்காரனை உட்கார வைத்தால் தோற்றுவிடுவோமாம்! உட்கார வைக்காமல்தானே இந்த இரண்டு ஆட்டமும் கைவிட்டுப் போனது?

“பாவம், காசு வாங்காமல் ஆடுகிற மாணவர்கள்” என்ற பேச்சும் இனி எடுபடாது. 2025 ஜூலையிலிருந்து ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம்; முதல் ஆண்டில் எல்லாருக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர் வரை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவரிடம், விசில் ஊதினால் கையையும் வாயையும் அடக்கு என்று கேட்பது அதிகப்படியா?

இப்போது புதிய தலைமை கோச்சாக ஜான் சம்ரால் வந்திருக்கிறார். அவரிடம் எனக்குக் கோப்பை வேண்டாம், முதலில் இது ஒன்று போதும்: விசிலுக்குப் பிறகு கொடி வாங்கியவன் யாராக இருந்தாலும், நட்சத்திரமே ஆனாலும், அன்றைக்கு மறுபடி களத்துக்குள் வரக்கூடாது. ஒரே ஒரு ஆட்டத்தில் அதைச் செய்து காட்டட்டும். அந்த ஆட்டத்தில் தோற்றால்கூட நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.