எழுத்து இடம் மாறினாலும் படித்துவிடலாமா?

‘முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைந்தாலும் மூளை படித்துவிடும், கேம்பிரிட்ஜ் ஆய்வு’ என்று தண்டையார்பேட்டை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. 2003 முதலே உலவும் இதற்கு அப்படியொரு கேம்பிரிட்ஜ் ஆய்வே கிடையாது. எழுத்து கலைந்தால் தேர்ந்த வாசகருக்கே வேகம் குறைகிறது என்றுதான் சோதனைகள் காட்டின.

நகரம், நரகம். முதலும் கடைசியும் ஒன்றுதானே, இரண்டும் ஒன்றா? ஆங்கிலத்தில் ஃப்ரம் (from), ஃபார்ம் (form) அப்படித்தான். பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பெண் வரியில் விரலை வைத்தபடி, ஃப்ரம் என்பதை ஃபார்ம் என்று படித்துவிட்டு முழித்தாள். நமக்குத் தமிழில் தெரிந்த சொற்கள் ஏராளம், ஊகித்துவிடுவோம். ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளையிடம் அந்தக் கையிருப்பு இல்லை. முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அப்புறம் பொருளைக் கேளுங்கள்.