ரோட்கோலுக்குத் தாளிப்பு வேண்டாம், வினிகரை முதல்லயே ஊத்துங்க

நவம்பர் வந்தாலே ஜெர்மனியில இருக்கிற நம்ம ஆளுங்க குரூப்ல ஊதா கோஸ் போட்டோ வர ஆரம்பிச்சிடுது, கூடவே "இந்த ஊர்க்காரங்க பண்ற இனிப்பு கோஸ் வாயில வைக்க முடியல, நான் கடுகு உளுந்து தாளிச்சு தேங்காய் போட்டு இறக்கிட்டேன்"னு ஒரு வரி. பொரியல் பண்ணுங்க, அது உங்க வீட்டு அடுப்பு. ஆனா ரோட்கோல், அதாவது ஊதா கோஸை வினிகர், ஆப்பிள் போட்டு மெதுவா வேகவைக்கிற இந்த ஊர்ச் சமையல், நல்லா இல்லன்னு சொல்றவங்கள கேட்டா, பெரும்பாலும் கண்ணாடி ஜாடியில வர்றத சூடு பண்ணிச் சாப்பிட்டிருப்பாங்க, இல்லன்னா ஆபீஸ் கேன்டீன்ல தண்ணி விட்டுக்கிட்டு ஓரமா கிடந்ததைச் சாப்பிட்டிருப்பாங்க. அத வச்சு முடிவு பண்றது அந்தச் சமையலுக்குப் பண்ற அநியாயம். எனக்கு இதுல நிஜமாவே வருத்தம் இருக்கு.

நான் இத கத்துக்கிட்டது ஹாம்பர்க்ல, எங்க பில்டிங்ல மேல் மாடியில இருந்த ஒரு பாட்டிகிட்ட. வடக்குல ரோட்கோல், அதாவது சிவப்பு கோஸ். அப்புறம் மியூனிக் வந்தா அதே காயை ப்ளாவ்க்ராவ்ட், நீல கோஸ்ங்கிற மாதிரி சொல்றாங்க. காய் ஒண்ணுதான், அதுல இருக்கிற ஆந்தோசயனின்ங்கற சாயம்தான் நிறத்தை மாத்துது, புளிப்பு பட்டா சிவக்கும், காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்ல, சோடா உப்பு மாதிரி) பட்டா நீலமாகும். மியூனிக் தண்ணி ரொம்ப கடினத் தண்ணி, கெட்டில்ல வெள்ளையா படியும்ல அதேதான். இங்க வந்து முதல் தடவை வினிகர் போடாம வெறும் தண்ணி ஊத்தி வேகவிட்டேன், மங்கலான நீலத்துல ஒரு மாதிரி வந்துச்சு, பாத்ததுமே மனசு விட்டுப்போச்சு.

அதனாலதான் சொல்றேன், வினிகர் முதல்ல. கடைசியில இல்ல. பாட்டி என்ன பண்ணுவாங்கன்னா, ஒரு கிலோ கோஸை நடுத்தண்டை எடுத்துட்டு நூல் மாதிரி சீவி, உப்பு, சர்க்கரை, மூணு நாலு ஸ்பூன் வினிகர் போட்டு கையாலேயே நல்லா பிசைஞ்சு ஓரமா வச்சிடுவாங்க (கையெல்லாம் ஊதாவாயிடும், வெள்ளைச் சட்டை போட்டுட்டு நிக்காதீங்க). கனமான சட்டியில கூஸ் வாத்துக் கொழுப்பு ரெண்டு ஸ்பூன், சைவம்னா வெண்ணெய், அதுல ஒரு வெங்காயம் வதங்கினதும் கோஸ், ரெண்டு புளிப்பு ஆப்பிள் நறுக்கி, ஒரு டம்ளர் ரெட் ஒயின், ஒயின் வேண்டாம்னா ஆப்பிள் ஜூஸ். ஆப்பிள்ல போஸ்கோப்னு ஒரு ரகம் இருக்கு, தோல் சொரசொரன்னு இருக்கும், அதான் இதுக்கு. இனிப்பு ஆப்பிள் போட்டா சப்புன்னு போயிடும்.

மசாலாவைப் பாருங்க, கிராம்பு, பிரிஞ்சி இலை, ஒரு துண்டு பட்டை. நம்ம பிரியாணிச் சட்டியில போடறதுதானே! புதுசுன்னா ஜூனிபர் பெர்ரிங்கிற மிளகு மாதிரி காஞ்ச கருநீல உருண்டை மட்டும்தான், அஞ்சாறு போதும், லேசா நசுக்கிப் போடுங்க. கிராம்பை தனியா போடாம, இன்னொரு முழு வெங்காயத்துல பிரிஞ்சி இலையை வச்சு கிராம்பை ஆணி மாதிரி குத்தி அப்படியே உள்ள இறக்கிடுவாங்க, கடைசியில முழுசா எடுத்துப் போட்டுடலாம், யார் பல்லுலயும் கிராம்பு மாட்டாது. இவ்வளவு வாசனை இருக்கிறதுக்கு மேல கடுகும் காஞ்ச மிளகாயும் எதுக்குன்னுதான் கேக்கறேன்.

அடுத்து நேரம். குக்கர்ல ரெண்டு விசில் விட்டு எடுக்கிற வேலையே வேண்டாம். மூடி போட்டு சின்னத் தீயில ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், அப்பப்போ கிளறி விட்டுக்கிட்டே இருக்கணும். புளிப்பு இருக்கிறதால கோஸ் சீக்கிரம் குழையாது, அதான் நல்லது, அவ்வளவு நேரம் வெந்தும் கொஞ்சம் கடிபடும், ஆப்பிள் மட்டும் கரைஞ்சு குழம்பா சேர்ந்துக்கும். இறக்கும்போது ரெட் கரன்ட் ஜெல்லி (புளிப்பான சின்னச் சிவப்புப் பழத்துல பண்ற ஜாம் மாதிரி) ரெண்டு ஸ்பூன், பளபளன்னு ஆயிடும். தண்ணியா இருந்தா பச்சை உருளைக்கிழங்கு கொஞ்சம் துருவிப் போட்டு கொதிக்க விடுவாங்க.

அப்புறம் முக்கியமானது, அன்னிக்கே சாப்பிடாதீங்க. இங்க நிறைய வீட்டுல டிசம்பர் 24 ராத்திரி வெறும் உருளைக்கிழங்கு சாலடும் சாஸேஜும்தான், பெரிய விருந்து 25ஆம் தேதி. அதனால 24ஆம் தேதியே கோஸ் வெந்து ஆறி ஒரு ராத்திரி ஊறிடும், மறுநாள் கூஸ் ரோஸ்ட்டும் உருளைக்கிழங்கு உருண்டையும் வரும்போது இத மறுபடி சூடு பண்ணி வைப்பாங்க. புளிக்குழம்பு மறுநாள் எப்படி இருக்கும்னு தெரிஞ்ச நமக்கு இத விளக்கவே வேண்டாம். வாத்தோட கொழுப்புக்கு இந்தப் புளிப்பும் இனிப்பும் எதிர்ல நின்னாதான் ரெண்டாவது துண்டு உள்ள போகும். தனியா ஒரு கிண்ணத்துல போட்டுச் சாப்பிட்டுப் பாத்துட்டு இனிப்பா இருக்குன்னு சொன்னா எப்படி?

நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளைக்கும் இதே கூஸ், இதே கோஸ்தான், பசங்க விளக்கு தூக்கிட்டுத் தெருவுல போவாங்க. நான் 10ஆம் தேதி சாயந்திரமே சட்டியை ஏத்திடுவேன். கறி சாப்பிடாதவங்க காளான் கிரேவியும் உருண்டையும் வச்சு சாப்பிடுங்க, நல்லாவே சேரும். பண்ணவங்க கமென்ட்ல போட்டோ போடுங்க, உங்க ஊர்த் தண்ணியில சிவப்பா வந்துச்சா நீலமா வந்துச்சான்னு பாக்கணும்.