தூக்கிய ஹைலக்ஸுக்கும் அடித்தகடு வேண்டும்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால், வண்டியின் அடிப்பாகத்தைப் பாறையிலிருந்து காக்கும் அடித்தகடு தேவையில்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினால் சேஸிஸ்தான் உயரும். பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) பழைய உயரத்திலேயே தொங்கும். பெரிய டயர் போட்டால்தான் அது உயரும். முன்பக்கம் டிஃப் டிராப் கிட் (தூக்கிய வண்டியில் முன் டிஃபரன்ஷியலைச் சற்றுக் கீழே இறக்கும் பாகங்கள்) இருந்தால், வழக்கமான தகடு அதில் இடிக்கலாம். தகட்டை இறக்கி மாட்ட, இடைவெளி விடும் ஸ்பேசரும் நீளமான போல்ட்டும் வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

அலுமினியத் தகடு எடை குறைவு, சரி. ஆனால் பாறையில் உரசும்போது இரும்புத் தகடு வழுக்கிப் போகும், அலுமினியம் பிடித்துக்கொள்ளும். அப்புறம், இரும்பு போல்ட்டில் ஆன்டி-சீஸ் (போல்ட் இறுகிப்போகாமல் காக்கும் கிரீஸ் போன்ற பூச்சு) தடவாமல் அலுமினியத் தகட்டை மாட்டாதீர்கள். கடற்கரை ஊர்களில் உப்பு அரித்து இறுகி, ஆயில் மாற்றக் கழற்றும்போது போல்ட் தலை முறிந்து கையோடு வரும்.