நடுவரின் கை யாருக்காக உயர்ந்தது?

பேஸ்பால் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அதன் சின்னச் சின்ன வழக்கங்கள் நன்கு தெரிந்திருக்கும். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று சோம்பல் முறிக்கும்; மட்டையாளருக்கு எதிரான தீர்ப்பான ஸ்ட்ரைக் விழுந்தால் நடுவரின் வலக்கை உயரும்; களத்தின் நான்கு முனைகளான பேஸ்களை ஒரே அடியில் சுற்றிவரும் ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஓடிவருபவரின் உள்ளங்கையில் அணித்தோழர் தன் உள்ளங்கையை ஓங்கித் தட்டுவார். இவை எப்படித் தோன்றின என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகளின் நடுவே பெரும்பாலும் ஒரு பெரிய மனிதர் நிற்பார். ஆவணங்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது வேறொன்று: பெயர் தெரியாதவர்களும் பெயர் மறக்கப்பட்டவர்களும் தங்கள் தேவைக்காகச் செய்ததுதான் வழக்கமாகிறது, பெரிய மனிதரின் பெயர் பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஏழாவது இன்னிங்ஸ் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1910 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் நடந்த ஆட்டத்துக்கு அமெரிக்க அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் வந்திருந்தார். நூற்றைம்பது கிலோ அளவுக்கு உடல் எடை கொண்ட அவர், சின்ன மர நாற்காலியில் உட்கார முடியாமல் ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து நின்றாராம். அதிபர் கிளம்புகிறார் போலும் என்று எண்ணி மக்களும் மரியாதைக்காக எழுந்தார்களாம். வழக்கம் அப்படித்தான் பிறந்ததாம். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் முதல் வெளிப்படையான தொழில்முறை அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை நடத்திய ஹாரி ரைட், 1869-இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே, ஏழாவது இன்னிங்ஸின் இரு பாதிகளுக்கு இடையே பார்வையாளர்கள் எல்லாரும் எழுந்து கைகால்களை நீட்டுகிறார்கள், சிலர் நடக்கவும் செய்கிறார்கள், கடினமான பலகைகளில் நெடுநேரம் உட்கார்ந்த உடம்புக்கு அது ஆறுதல் என்று குறித்திருக்கிறார். அப்போது டாஃப்ட் பதினொன்று பன்னிரண்டு வயதுச் சிறுவர். அதே 1910 ஆட்டத்தில் டாஃப்ட் முதல் பந்தை எறிந்து, அதிபரே ஆட்டப் பருவத்தைத் தொடங்கிவைக்கும் மரபைத் தொடங்கினார் என்பது மட்டும் உண்மை. அந்தப் புகழே அவருக்குப் போதும்.

இந்த ஆட்டத்தின் பிறப்பைப் பற்றியே இப்படி ஒரு கதை கட்டப்பட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ஆப்னர் டபுள்டே 1839-இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரில் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ஒரு குழு 1907-இல் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டில் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். இருந்தும், சிறந்த ஆட்டக்காரர்களையும் நடுவர்களையும் வாக்கெடுப்பால் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பேஸ்பால் புகழ்பெற்றோர் அருங்காட்சியகம் கூப்பர்ஸ்டவுனில்தான் எழுந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நடுவரின் கைச்சைகைதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. மட்டையாளர் அடிக்காமல் விடும் ஒவ்வொரு பந்தும் அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்ததா என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உள்ளே வந்தால் ஸ்ட்ரைக், வெளியே போனால் பால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீர்ப்பை வாயால் மட்டுமே சொன்னார்கள். கூச்சலுக்கு நடுவே தொலைவில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருக்காது என்றாலும் அதற்காக யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்பட வேண்டியிருந்தவர் வில்லியம் ஹோய். ஒஹாயோ மாநிலத்தில் 1862-இல் பிறந்து, மூன்று வயதளவில் மூளைக்காய்ச்சலால் செவித்திறனை இழந்து, காது கேளாதோர் பள்ளியில் முதல் மாணவராகத் தேறி, செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்து ஆட்டத்துக்கு வந்தவர். தீர்ப்பு என்னவென்று அவர் திரும்பிப் பார்த்து அறிந்துகொள்வதற்குள் எதிரணியின் பந்தெறிபவரான பிட்சர் அடுத்த பந்தை எறிந்துவிடுவார். ஆகவே மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் தம் அணியின் பயிற்றுநரிடம், ஸ்ட்ரைக் என்றால் வலக்கையையும் பால் என்றால் இடக்கையையும் உயர்த்தச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டார். எதிரணிகளின் தந்திரத்தை இவ்வளவு எளிய ஏற்பாட்டால் முறியடித்த இவர், 1888-இல் அமெரிக்காவின் பெரிய லீகுகளில் ஒன்றான தேசிய லீகில் நுழைந்த ஆண்டிலேயே அதிக பேஸ்களைத் திருடியவர், அதாவது பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவர், என்ற பெயரும் பெற்றார்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1886 அக்டோபரில், எட்வர்ட் டண்டன் என்ற காது கேளாத பிட்சர் அலபாமாவின் மொபீல் நகரில் ஓர் ஆட்டத்துக்கு நடுவராக நின்று, கைவிரல்களாலும் தலையசைப்பாலும் தீர்ப்பளித்ததாகப் பத்திரிகைச் செய்தி இருக்கிறது. 1905-இல் சை ரிக்லர் என்ற நடுவர் இந்தியானாவின் எவன்ஸ்வில்லில் ஸ்ட்ரைக்குக்கு வலக்கையை உயர்த்தினார். அதே 1905-இல்தான் பில் கிளெம் தேசிய லீகில் நடுவராகச் சேர்ந்தார். அதன்பின் 37 பருவங்கள் பணியாற்றிய அவரைத்தான் கூப்பர்ஸ்டவுனில் உள்ள வெண்கலப் பட்டயம் கைச்சைகைகளை அறிமுகப்படுத்தியவர் என்று போற்றுகிறது. கிளெம் மாபெரும் நடுவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே பலர் செய்துகொண்டிருந்ததை அவரும் செய்தார், மேலும் அவர் செய்ததைப் பெரிய அரங்கங்களில் எல்லாரும் பார்த்தார்கள், அவ்வளவே.

இதற்கு மறுப்பாக, ஹோய்தான் நடுவர்களுக்குச் சைகை கற்றுக்கொடுத்தார் என்ற கதையும் இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. ஹோய் ஆடிய காலத்தில் அவருக்குச் சைகை காட்டியவர் அணியின் பயிற்றுநரே தவிர நடுவர் அல்லர் என்பது அவர் சொன்னதாகவே பதிவாகியிருக்கிறது. கிளெமின் பெயரை எடுத்துவிட்டு ஹோயின் பெயரை எழுதினால், ஒருவரைக் கண்டுபிடிப்பாளராக நிறுத்தும் அதே பழைய பிழையை நல்லெண்ணத்தோடு மீண்டும் செய்தவர்களாவோம். காது கேளாதோர் சமூகத்துக்கு இந்தச் சைகைகளில் முக்கியமான பங்கு இருக்கிறது என்று சொல்வதற்கு டண்டனும் ஹோயும் சேர்ந்து தரும் சான்றே போதுமானது.

ஜப்பானில் நடந்ததையும் பாருங்கள். அங்கே ஒரு பெரிய மனிதர் உண்மையிலேயே தொடக்கத்தில் இருக்கிறார். 1908 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த அணியுடன் வாசெடா பல்கலைக்கழகம் ஆடியபோது, அதன் நிறுவனரும் முன்னாள் பிரதமருமான ஒகுமா ஷிகெனொபு முதல் பந்தை எறிந்தார். பந்து எங்கோ விலகிப் போயிற்று. ஒகுமாவுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று வாசெடாவின் மாணவ மட்டையாளர் வேண்டுமென்றே மட்டையை வீசி, அடிக்கத் தவறியதுபோல் காட்டி, அந்தப் பந்தை ஸ்ட்ரைக் ஆக்கினார்; வீசித் தவறினாலும் ஸ்ட்ரைக்தானே. இன்றும் ஜப்பானில் விருந்தினர் எறியும் தொடக்கப் பந்து எங்கே போனாலும் மட்டையாளர் வீசித் தவறுவார். ஒகுமாவின் எறிதலைவிட அந்த மாணவரின் சமயோசிதத்தில்தான் ஜப்பானிய வழக்கத்தின் தனித்தன்மை இருக்கிறது. நான் அறிந்த பேஸ்பால் வழக்கங்களில் இதைவிடப் பண்பான ஒன்று இல்லை.

ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் இசைப்பதைப் பலரும் ஏதோ அரசாணையால் வந்தது என்று எண்ணுகிறார்கள். அந்தப் பாடல் 1862-இலேயே புரூக்ளின் மைதானம் ஒன்றில் ஒலித்திருக்கிறது. அது மனத்தில் பதிந்த நாள் 1918 செப்டம்பர் 5, சிகாகோவில் பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது; முந்தைய நாள்தான் நகரின் அரசுக் கட்டடம் ஒன்றில் குண்டு வெடித்து நால்வர் இறந்திருந்தனர். ஏழாவது இன்னிங்ஸின் இடையில் வாத்தியக் குழு அந்தப் பாடலை வாசித்தபோது, கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்த ஃபிரெட் தாமஸ் கொடியை நோக்கி வணக்கம் செலுத்தினார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள், கூட்டம் பாடத் தொடங்கியது. அந்தப் பாடல் சட்டப்படி தேசிய கீதமானது 1931-இல்தான்.

உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டும் ஹை ஃபைவ் விஷயத்தில் வரலாறு நமக்கு மிக அருகில் இருக்கிறது, ஆயினும் உரிமை கோருவோர் பலர். பரவலாக ஏற்கப்படுவது 1977 அக்டோபர் 2, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் அரங்கமான டாட்ஜர் ஸ்டேடியம். அந்த அணியின் டஸ்டி பேக்கர் அந்தப் பருவத்தின் முப்பதாவது ஹோம் ரன்னை அடித்துவிட்டு வந்தபோது, அடுத்து ஆட நின்ற இளைஞர் கிளென் பர்க் கையைத் தலைக்குமேல் உயர்த்தினார், பேக்கர் தட்டினார். உடனே களமிறங்கிய பர்க் தாமும் ஹோம் ரன் அடிக்க, இம்முறை பேக்கர் கையை உயர்த்தினார். உலகமே பின்பற்றும் ஒரு வழக்கம் பர்க்கின் கையிலிருந்து வந்திருக்க, அடுத்த ஆண்டே அவரை ஓக்லாந்து அணிக்கு மாற்றிவிட்டார்கள். தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதே காரணம் என்று பர்க் பின்னாளில் கூறினார். 1995-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இவரும் பெரிய மனிதர் இல்லை, அன்று அணியில் நிரந்தர இடம்கூட இல்லாதவர்.

ஹோய்க்குக் கூப்பர்ஸ்டவுனில் இன்னும் இடம் இல்லை. கைச்சைகையைக் கண்டுபிடித்தவர் என்ற அடிப்படையில் அவரைச் சேர்க்கச் சொல்லும் வாதத்தை நான் ஆதரிக்கவில்லை, அது நிரூபிக்கப்படாதது. பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை அடைந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹிட்கள், 1889-இல் ஒரே ஆட்டத்தில் வெளிக்களத்திலிருந்து எறிந்து மூன்று பேரை, ஓட்டம் நிறைவடையும் இடமான ஹோம் பிளேட்டில் ஆட்டமிழக்கச் செய்தது, பதினான்கு பருவங்கள் பெரிய லீகில் நிலைத்தது ஆகியவற்றை வைத்தே அவரைப் பரிசீலிக்கலாம். கிளெமின் பட்டயத்தில் உள்ள அந்த ஒரு வரியைத் திருத்துவதற்கோ எந்தத் தேர்தலும் தேவையில்லை.