கருவாட்டுக் குழம்பு ஊற்றிவிட்டார்கள் என்று அழுதவருக்கு

அந்த ரீல்ஸை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஆளாளுக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் லிங்க் போடப் போவதில்லை. கடலூர் முதுநகரில் நம்ம மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "மீன் சாப்பாட்டுக்குப் பேர்போன கடையாம், வஞ்சிரம் இல்லையாம், கருவாட்டுக் குழம்பை ஊத்துறாங்க ப்ரோ" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு வேறு.

தம்பி, நீங்கள் வந்தது மே மாதம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். முன்பு 45 நாள்தான், 2017லிருந்து 61. ஃபைபர் படகுக்காரர்கள் கரைப்பக்கம் பிடித்து வருகிற கொஞ்சம் மத்தியும் நெத்திலியும்தான் அப்போது ஊருக்கு. அதுவும் ஏலத்தில் விலை ஏறினால் மெஸ்காரர் திரும்பி வந்து கருவாட்டை எடுத்துவிடுவார். இதே மே மாதத்தில் தட்டு நிறைய வஞ்சிரம் போடுகிற இடங்களில், அது எந்த ஊரிலிருந்து லாரியில் வந்தது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

நம்ம மெஸ் தினமும் சாப்பிடுகிறவனுக்காகச் சமைக்கிற கடை. இதைப் புரிந்துகொள்ளாமல் என்ன ரிவியூ? மூட்டை தூக்குகிறவர், ஐஸ் உடைக்கிறவர், தனியாக ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவர் என்று அதே முகங்கள்தான் மதியமும் ராத்திரியும். எண்ணெய் மிதக்கக் காரம் தூக்கலாக வைத்தால் முதல் நாள் ஆஹா என்பார்கள், நாலாம் நாள் வயிறு கேட்காது. அதனால்தான் அங்கே ரசம் கொஞ்சம் நீர்க்க இருக்கும், பொரியல் சாதுவாக இருக்கும். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு "டேஸ்ட் ஆவரேஜ்" என்கிறீர்களே, தினமும் சாப்பிடுகிறவனுக்கு ஆவரேஜ்தான் வேண்டும் ஐயா!

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தபோது நான் இங்கே வாடகை ரூமில் இருந்தேன். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மெழுகுவர்த்தியும் பாலும் வாய்க்கு வந்த விலை. கிரைண்டர் ஓடாமல் மாவு அரைக்க முடியாது, ஆக இட்லி தோசை கிடையாது. நம்ம மெஸ்காரர் விறகு அடுப்பைப் பற்றவைத்து, காலையில் பொங்கல், ராத்திரி உப்புமா, மதியம் சோறும் ரசமும் என்று போட்டார். விலையில் ஒரு ரூபாய் ஏற்றவில்லை. எங்களில் பாதிப் பேரிடம் காசே இல்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். "ஜிபே வாங்க மாட்டாங்களாம்" என்று நக்கல் செய்தீர்களே, சம்பளம் வந்ததும் கொடு என்று எந்த ஆப்காரன் சோறு போடுகிறான்?

இதற்கும் பதில் வரும், தெரியும். பழசு என்றாலே உருகுகிறீர்கள் என்பார்கள். இல்லை. இதே ஊரில் பழைய கடைகள் எத்தனையோ மூடியாயிற்று, சாம்பார் நன்றாக இல்லை, மூடினார்கள், நான் ஒரு வரி எழுதியதில்லை. சுத்தம்? கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, வாஸ்தவம். ஆனால் ஃப்ரிட்ஜே இல்லாத கடை அது, நேற்றைய குழம்பு இன்றைக்கு வர வழியே இல்லை. அது உங்கள் கண்ணில் படாது, தேங்கின தண்ணீர் மட்டும் படும். பாண்டியில் மஞ்சள் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு காபிக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்கும்போது மட்டும் சுவர் பெயர்ந்திருந்தால் அது அழகு. முதுநகரில் பெயர்ந்திருந்தால் அசிங்கம். எங்கள் ஊர் என்றால் அவ்வளவு இளக்காரம்.

சரி, கடையைத் திட்டினீர்கள், போகட்டும், அவர் இந்த வீடியோவைப் பார்க்கப் போவதுகூட இல்லை. இலை எடுக்கிற அக்காவை ஸ்லோ மோஷனில் காட்டி, பின்னால் ஒரு கோமாளி மியூசிக் போட்டிருக்கிறீர்களே, அதை யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? அவர் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பையனுடைய போனுக்கே அது வந்திருக்கிறது. இரண்டு நாளாக அக்கா வேலைக்கு வரவில்லை. ரேட்டிங்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுங்கள்.